இடம் போதாத தாடை

ஜெரோம்,

புதன்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் "சரிய்யா" என்று சொல்லிவிட்டேன். கோயில் அலுவலகத்தை அழைத்து, இந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்க இருக்கும் உன் கல்யாண அறிவிப்பு ஓலையை நிறுத்திவைக்கச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இன்று வெள்ளி. நான் இன்னும் அழைக்கவில்லை. அழைக்கப் போவதும் இல்லை. இதை உன்னிடம் நேரில் சொல்லலாம் என்றால், நம் இருவரின் பழக்கம் உனக்கே தெரியும். நீ உதட்டை மூடிக்கொள்வாய், நான் கையால் வாயை மூடிக்கொள்வேன், நடுவில் அப்பா மட்டும் பேசிக்கொண்டிருப்பார். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை அப்பா சிம்பாங் அம்பாட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில் பாலத்தைக் கடந்து பத்து காவானில் உன் அறைக்கு வந்து இதைக் கொடுப்பார். கோயில் அலுவலகம் நாளை மதியம் வரை திறந்திருக்கும். அதற்குள் படித்துவிடு. பிறகு மெர்சியிடம் கொடு. அதன் பிறகு யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. இந்த வாக்கியத்தை எழுதவே எனக்கு ஒரு மணி நேரம் ஆனது.

போன ஞாயிறு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். கடற்கரைப் புல்வெளியில் நீங்கள் இருவரும் கல்யாணத்துக்கு முன்கூட்டியே எடுத்த ஃபோட்டோக்களை மெர்சி வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஃபோட்டோக்காரர் அன்று உன்னைப் பார்த்து, "அண்ணே, கொஞ்சம் சிரிங்க லா, இது ஐ.சி. கார்டு போட்டோ இல்ல" என்று கத்தினாராம். அவள் அதை நடித்துக் காட்டினாள். பிறகு ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க பிள்ள ஒரு போட்டோவுல கூட பல்ல காட்டல. முதல்ல பல்லு இருக்கா இல்லையான்னு கேட்டு சொல்லுங்க, அப்புறம் ஏமாத்திட்டீங்கன்னு நான் சொல்லக் கூடாது பாருங்க" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நீயும் சிரித்தாய், உதடு பிரியாமல். நான் என்ன செய்தேன் என்பதை மெர்சிதான் கவனித்தாள். "பாருங்க, ஆன்ட்டியும் அதே மாதிரி கையை வச்சிட்டாங்க" என்றாள். அவள் அன்பாகத்தான் சொன்னாள். பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள், முகங்களைப் பார்த்துப் பழகியவள். ஆனால் உன் முகம் சட்டென்று கறுத்ததை அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மூன்று நாள் கழித்து நீ அழைத்தாய். "மா, ஓலைய நிறுத்த சொல்லுங்க லா. ஹால் கிடைக்கலன்னு சொல்லிக்கலாம்."

"ஹால்தான் கிடைச்சிருச்சேய்யா."

"தெரியும் மா. மெர்சிகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா அவ நம்புவா."

ஏன் என்று கேட்டேன். உன் பக்கம் லாரிகள் போகும் சத்தத்துக்கு நடுவே நீ சொன்னாய்: "பல்லு டாக்டர பார்த்தேன். நாலு பல்ல எடுத்துட்டு கம்பி போடணுமாம். ரெண்டு வருஷம் ஆகுமாம். அது முடிஞ்சதும் கல்யாணத்த வச்சிக்கலாம் மா. வாழ்க்கை பூரா மாட்டி வைக்கப் போற போட்டோ."

நான் "சரிய்யா" என்றேன். அந்த "சரி"யைத்தான் இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன். உன் பல் மேல் எனக்கு இருக்கும் கடன் பழையது. அதைச் சொல்லாமல் என்னால் உனக்கு எந்தப் புத்திமதியும் சொல்ல முடியாது.

நீ பிறந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. விலங்கியல் பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பட்டமளிப்பு நாளில் எடுத்த ஒரே படத்தில் என் வலது கை வாய் மேல் இருக்கிறது, இடது கையில் சான்றிதழ் தலைகீழாக இருக்கிறது. என் மேல்வரிசைப் பற்கள் பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டம் போல ஒன்றின் தோள்மேல் ஒன்று ஏறி நிற்பவை. பள்ளியில் அதற்கென்று எனக்கு ஒரு பெயர் இருந்தது, அதை இங்கே எழுத மாட்டேன். இவ்வளவு படித்தும் யாராவது கேள்வி கேட்டால் பதிலைவிடப் பல்தான் முதலில் நினைவுக்கு வரும். அதனால் பதில் தெரிந்தாலும் தெரியாது என்று சொல்வேன். நீ பிறந்ததும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: இவனுக்கு அப்பாவின் பல் வரட்டும்.

உனக்கு மூன்று வயதில் விரல் சப்பும் பழக்கம் இருந்தது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் என்னிடம் "விரல் சப்புனா பல்லு கோணிடும் பாப்பா, இப்பவே நிறுத்து" என்றார்கள். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தேன், அதையும் நக்கிவிட்டுச் சிரித்தாய். ஒருநாள் அம்மியில் அரைத்த மிளகாய் விழுதை உன் கட்டைவிரலில் தடவினேன். நீ அதே விரலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டாய். அன்று நீ அழுத அழுகை எனக்கு இன்னும் கேட்கிறது. உனக்கு நினைவிருக்காது. நினைவில்லாததால் அது நடக்கவில்லை என்று ஆகாது. அதற்கு ஆறு வருடம் கழித்து நடந்தது உனக்கு நினைவிருக்கும். புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கிய அன்று, வெள்ளைச் சட்டையும் கையில் மெழுகுவர்த்தியுமாகக் கோயில் படியில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாய். முன்பற்கள் அப்போதுதான் முளைத்து, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக இருந்தன. நான் கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, "வாய மூடிட்டு சிரிடா" என்றேன். நீ மூடிக்கொண்டாய். இன்னும் திறக்கவில்லை.

அடுத்த வருடம்தான் எனக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை கிடைத்தது. சிப்பி ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, காயவைத்து, வகை பிரித்து, எண் எழுதுவது என் வேலை. பேச வேண்டியதில்லை என்பதால் எனக்குப் பிடித்துப்போனது. அந்த ஓடுகள் கெப்பாலா பத்தாஸ் பக்கம், ஒரு காலத்தில் கடலோரமாக இருந்து இன்று வயலும் வீடுமாகிவிட்ட இடத்திலிருந்து வந்தவை. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் சேற்றில் சிப்பி பொறுக்கி, தின்று, ஓட்டை ஒரே இடத்தில் போட்டுப் போட்டு, அது ஒரு மேடாகிவிட்டது. இறந்தவர்களையும் அந்த மேட்டிலேயே புதைத்தார்கள். என்னோடு வேலை செய்யும் நசீமாவை உனக்குத் தெரியும், பெருநாளைக்குப் பிரியாணிச் சட்டியோடு வருகிற ஆன்ட்டி. அவள் முதல் நாளே ஒரு ஓட்டைக் கையில் எடுத்து, "இது நம்ம குவே தியாவ் நூடுல்ஸ்ல போடுற கெராங் சிப்பிக்கு சொந்தக்காரன் மாதிரி இருக்கு டி. இவ்ளோ வருஷமா இந்த ஊரு ஆளுங்க வாய் மாறவே இல்ல" என்றாள்.

வாய் மாறியிருந்தது என்பது ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. அந்தக் காலத்து எலும்புகளில் ஒரு கீழ்த்தாடை எங்கள் மேசைக்கு வந்தது. ஒரு பெண்ணுடையது என்றார்கள். என் வயதோ கொஞ்சம் கூடவோ இருக்கலாம். மென்மையான தூரிகையால் அதைச் சுத்தம் செய்யும்போது நசீமா குனிந்து பார்த்துவிட்டு விசிலடித்தாள்.

"இங்க பாரு டி, இந்தம்மாவுக்கு ஒரு பல்லு கூட ஏறி ஒக்காரல. ஸ்கூல் அசெம்ப்ளில நிக்கிற மாதிரி நிக்குது."

"ஞானப்பல்லு?" என்று கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் இருக்கு. அதுக்குப் பின்னால இடம் வேற மிச்சம். வாடகைக்கு விடலாம். எனக்கு ஞானப்பல்லு முளைச்சப்ப கன்னம் பாவ் பன் மாதிரி வீங்கி, என் மாப்பிள அடையாளம் தெரியாம யாருன்னு கேட்டாரு."

நான் சிரித்தேன், கையால் மூடிக்கொண்டு. ஆனால் அன்று முழுக்க ஒரே கேள்விதான் எனக்கு. பிரஷ் கிடையாது, டாக்டர் கிடையாது, கம்பி கிடையாது. விரல் சப்பாத குழந்தை என்று ஒன்று எந்தக் காலத்திலாவது இருந்திருக்குமா? அப்படியிருக்க இவளுக்கு எப்படி இந்த வரிசை?

மற்றவர்களிடம் கேட்க வெட்கப்பட்டு, நூலகத்தில் தேடினேன். பல மாதம் தேடினேன். உன் அப்பா, "செத்தவங்க பல்ல பத்தி படிக்கிற நேரத்துல உயிரோட இருக்கிறவன் கறிக்கு உப்பு போட்டியான்னு பாரு" என்று சொன்ன காலம் அது. நான் புரிந்துகொண்டதை உனக்குச் சொல்கிறேன். நம் முன்னோரின் தாடை மிகப் பழங்காலத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வந்திருக்கிறது. கல்லை உடைத்துக் கத்தியாக்கியதும், இறைச்சியைக் கிழிக்கிற வேலையில் பாதியைக் கை எடுத்துக்கொண்டது. நெருப்பு வந்ததும், மெல்லுகிற வேலையில் பாதியை அடுப்பு எடுத்துக்கொண்டது. ஆனாலும் பொறுக்கியும் வேட்டையாடியும் தின்ற வரைக்கும் கிழங்கு, கொட்டை, மணல் ஒட்டிய சிப்பி என்று நாளெல்லாம் மெல்ல வேண்டியிருந்தது. பிறகு மனிதர்கள் தானியம் விதைத்தார்கள். தானியம் என்றால் மாவு, மாவு என்றால் கூழ், கஞ்சி, குழைந்த சோறு. பல் எவ்வளவு பெரியதாக முளைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தாய் தகப்பன் வழியாக வருகிறது. தாடை எவ்வளவு நீளம் வளர வேண்டும் என்பதோ சிறுவயதில் அது எவ்வளவு உழைக்கிறது என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. உழைப்பு குறைந்தால் தாடை சிறிதாகவே நின்றுவிடுகிறது. பல்லுக்கு அந்தச் செய்தி போய்ச் சேருவதில்லை. நான்கு பேருக்குக் கட்டிய அடுக்குமாடி வீட்டுக்குள் ஏழு பேர் கட்டிலோடு வந்து இறங்குவது போல அது பழைய அளவிலேயே முளைத்து வருகிறது. இதில் எல்லாமே முடிவான உண்மை என்று சொல்ல மாட்டேன். எவ்வளவு மரபு, எவ்வளவு சாப்பாடு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். விரல் சப்பினால் முன்பல் வெளியே தள்ளும் என்பதும் பொய்யில்லை. ஆனால் உனக்கும் எனக்கும் இருப்பது தள்ளல் இல்லை, நெரிசல். இடம் போதாமை. அதற்கு மிளகாய் மருந்தில்லை.

எனக்கு அப்போது இன்னொன்றும் உறைத்தது. உனக்கு நான் ஊட்டிய சாப்பாடு. விக்கிக்கொள்வாய் என்று பயந்து நாலு வயது வரை சோற்றைப் பருப்போடு பிசைந்து கூழாக்கித்தான் கொடுத்தேன். ரொட்டியின் தடித்த ஓரத்தை வெட்டி நான் தின்றுவிட்டு, நடுவிலிருக்கும் பஞ்சை மட்டும் பாலில் ஊறவைத்து உனக்குக் கொடுப்பேன். நல்ல தாய் அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன். அதனால்தான் உன் பல் இப்படி ஆனதா? தெரியாது. அப்படியே தின்று வளர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் முத்துப்போன்ற பல்லோடு இருக்கிறார்கள். ஆனால் ஒரு கையால் மெத்தென்று பிசைந்து ஊட்டிவிட்டு, இன்னொரு கையால் மிளகாய் தடவிய தாய் நான் என்பது தெரியும்.

அந்தத் தாடைக்காரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று நினைக்காதே. நசீமா பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினாள். வரிசை அழகாக இருந்ததே தவிர, மணலை மென்று மென்று பற்களின் தலை தட்டையாகத் தேய்ந்திருந்தது. ஒரு கடைவாய்ப்பல் நரம்பு வரை தேய்ந்து, அதன் அடியில் எலும்பில் ஒரு ஓட்டை. சீழ் வைத்த ஓட்டை. "யா அல்லா, இந்த வலியோட இவ எப்படி சிப்பி பொறுக்கினா?" என்றாள் நசீமா, வழக்கமான கிண்டல் இல்லாமல். சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் முதல் மனிதர்கள் ஒரு தோட்டத்தில் பழம் பறித்துத் தின்று சுகமாக இருந்தார்கள், பிறகுதான் மண்ணைக் கொத்தும் பாடு வந்தது என்று சொன்னபோது, அந்தத் தோட்டம் எங்கே இருந்தது என்று நான் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். தாடையைப் பார்த்த பிறகு அந்தக் கேள்வி மாறிவிட்டது. தோட்டத்திலும் பல்வலி இருந்திருக்கிறது. வயலும் வெறும் தண்டனை இல்லை. கஞ்சி இருந்ததால் பிள்ளைகள் சீக்கிரம் பால் மறந்தார்கள், அடுத்த பிள்ளை சீக்கிரம் வந்தது. பல் விழுந்தவர்களும் நோயாளிகளும் பசியாறினார்கள். அந்தக் கூழ் இல்லாவிட்டால் இத்தனை கோடி பேர் இருந்திருக்க மாட்டோம், அதில் நீயும் நானும் மெர்சியும்கூட. உன் வாயில் ஏறி நிற்கும் அந்த இரண்டு பல்லும் மனிதர்கள் சோறு கண்ட கதையின் கடைசி வரி. வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே புரியவில்லை.

புரியவில்லை என்றால், ஏன் இதை நான் உனக்கு அப்போதே சொல்லவில்லை? கடிதத்தின் கஷ்டமான இடம் இதுதான். உனக்குப் பத்து வயது. நான் தெரிந்துகொண்ட அன்றே வீட்டுக்கு வந்து, "ஐயா, உன் பல்லில் ஒரு தப்பும் இல்லை, அம்மா சொன்னதுதான் தப்பு, வாயைத் திறந்து சிரி" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. சொல்லவில்லை. சொன்னால் மிளகாயைச் சொல்ல வேண்டும், கோயில் படியில் நடந்ததைச் சொல்ல வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நீ மூடிய வாயோடு பதினாலு வயதானாய், இருபதானாய். ஒவ்வொரு வருடமும் இப்போது சொன்னால் ஏன் இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று கேட்பாயே என்ற பயமும் சேர்ந்துகொண்டது. செத்து ஆயிரக்கணக்கான ஆண்டு ஆன ஒருத்தியின் பல்லைப் பற்றி அவ்வளவு ஆசையாகப் படித்தவள், எதிரில் உட்கார்ந்து சாப்பிடும் மகனின் வாயைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

டாக்டரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நெரிசலான பல்லில் அழுக்குத் தங்கும், சொத்தை வரும், சரிசெய்வது நல்லதுதான். போ. கம்பி போட்டுக்கொள். கம்பியோடு கல்யாணம் செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இரண்டு வருடம் மெர்சியைக் காக்க வைக்காதே, அதுவும் ஹால் என்று ஒரு பொய்யைச் சொல்லி. அவள் பல்லைப் பற்றி யோசிக்க மாட்டாள். தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் யோசிப்பாள். நேற்று மாலை அவள் எனக்கு அழைத்தாள். "ஆன்ட்டி, ஜெரோம் என்கிட்ட சரியாவே பேசல. நான் அன்னைக்கு ஏதும் தப்பா சொல்லிட்டேனா?" என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வியை விழுங்கிவிட்டு வேறொன்றைக் கேட்கும் குரல். அது என்னுடைய குரல். "நீ ஒண்ணும் தப்பா சொல்லலம்மா, அவனே உன்கிட்ட சொல்லுவான்" என்று மட்டும் சொன்னேன். எனக்காக ஒரு பொய்யும் சொல்லவில்லை, உனக்காக ஒரு உண்மையும் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ. இன்றைக்கு நீ அவளிடம் மறைக்கிற சின்ன விஷயத்தைக் கல்யாணம் ஆன பிறகு இன்னும் பெரிதாக மறைக்க வேண்டியிருக்கும். நான் பதினாலு வருடம் மறைத்தேன், வளர்ந்துகொண்டேதான் போனது.

நேற்று இரவு சாப்பாட்டின்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மிளகாய் உட்பட. அவர் பாதிச் சாப்பாட்டில் தட்டைத் தள்ளி வைத்தார், அவர் வாழ்நாளில் அது ஒரு சாதனை. பிறகு, "இத்தன வருஷத்துல நீ என்கிட்ட வாய மூடாம சிரிச்சதே இல்லன்னு எனக்குத் தெரியும். ஏன்னு கேட்டா நீ வருத்தப்படுவன்னு கேக்கல. நான்தான் கேட்டிருக்கணும் லா" என்றார். பார்த்தாயா? இந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்காமலே அன்பாக இருந்திருக்கிறோம்.

இந்த உறைக்குள் ஒரு ஃபோட்டோ வைத்திருக்கிறேன். இன்று காலை ஆய்வுக்கூடத்தில், சிப்பி ஓட்டுப் பெட்டிகளுக்கு முன்னால் நசீமாவை எடுக்கச் சொன்னேன். "என்னா டி திடீர்னு, பொண்ணு பார்க்க யாரும் வர்றாங்களா?" என்றாள். நான் சிரித்த சமயம் பார்த்து எடுத்துவிட்டாள். என் இரண்டு கையிலும் பெட்டி இருக்கிறது. வாய் முழுக்கத் திறந்திருக்கிறது. எல்லாப் பல்லும் தெரிகிறது, ஏறி நிற்பவை உட்பட. முதலில் கிழித்துவிடலாம் என்று தோன்றியது. பிறகு உற்றுப் பார்த்தேன். படத்தில் இருந்த பெண்ணுக்கு உன் முகம். கோயில் படியில் மெழுகுவர்த்தியோடு நின்ற உன் முகம், நான் "மூடு" என்று சொல்வதற்கு முந்திய நொடியில் இருந்த முகம்.

ஓலையை நிறுத்தத்தான் வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் நாளை மதியத்துக்குள் நீயே அலுவலகத்தை அழை. உண்மையான காரணத்தைச் சொல்லி அழை. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். நீ அழைக்காவிட்டால், ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் உங்கள் இருவர் பெயரையும் வாசிப்பார். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று கோயிலில் இருக்கும் எல்லோரையும் பார்த்துக் கேட்பார். எனக்கு ஒரு தடை தெரியும், ஐயா. அதை உண்டாக்கியவளும் நான்தான். அதைத்தான் இத்தனை பக்கம் எழுதி உன்னிடம் சொல்லிவிட்டேன். இனி கோயிலில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. வலது பக்கம் நாலாவது வரிசையில், வழக்கமான இடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். உன் பெயரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரும். நீ திரும்பிப் பார். என் இரண்டு கையும் மடியில் இருக்கும்.

அம்மா